என் வீட்டுக்காரரின் ராக் பஞ்சாங்கம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பிப்ரவரி மாத ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை. திருவள்ளூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா கட்டி, நாற்காலி போட்டு, பிரியாணிக்குத் தம்மும் போட்டாகிவிட்டது. அன்று என் மகளுக்கு நிச்சயதார்த்தம். கும்மிடிப்பூண்டி பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்துகொண்டிருக்க வேண்டிய நேரத்தில் அவர்களிடமிருந்து போன் வந்தது. வேன் கிளம்பவில்லையாம். கிளம்பப் போவதும் இல்லையாம். காரணம், என் வீட்டுக்காரர் அன்று காலை வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ்.

அந்த மெசேஜைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பொழுது விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். அந்த பஸ் பெரியபாளையம், கவரைப்பேட்டை என்று சுற்றிக்கொண்டு போகும். மற்றவர்கள் எல்லாம் தலையைச் சாய்த்துத் தூங்கும்போது இவர் மட்டும் போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு எங்கள் குடும்ப குரூப்புக்குப் பேசி அனுப்புவார். "அனைவருக்கும் காலை வணக்கம். இன்னிக்குத் தேதில ராக் உலகத்துல இன்னா நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பிக்கும். பின்னால் ஹாரன் சத்தமும் யாரோ ஒருவரின் குறட்டையும் கேட்கும்.

ராக் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிடார், டிரம்ஸ், காது கிழிகிற சத்தம், அதற்கு நடுவில் ஒருவர் தொண்டை கிழியக் கத்துவது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெஷின் பொருத்திக் கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டு டெக்னீஷியனுக்குக் கூடமாட ஒத்தாசை செய்திருக்கிறார். அந்த ஆள் ஊருக்குப் போகும்போது ஒரு பை நிறைய கேசட்டுகளை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பிடித்த சனி. பாட்டின் அர்த்தம் இவருக்கு இன்றுவரை பாதிக்கு மேல் தெரியாது. ஆனால் பாடியவன் எந்தத் தேதியில் பிறந்தான், எந்தத் தேதியில் மேடையிலேயே கிடாரைப் போட்டு உடைத்தான், எந்தத் தேதியில் போலீஸ் பிடித்தது, எந்தத் தேதியில் கூட்டாளிகளோடு சண்டை போட்டுப் பிரிந்தான், எந்தத் தேதியில் செத்தான் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். எங்கள் கல்யாண நாளை இவர் ஒரு வருடம்கூட மறந்ததில்லை. அதற்குக் காரணம் நான் இல்லை. அன்றைக்கு எவரோ ஒரு டிரம்மர் பிறந்தாராம்.

நான் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடையைத் திறந்ததும் மனு எழுதிக்கொண்டு வந்தவர்கள், ஆதார் அட்டைக்கு நகல் எடுப்பவர்கள் என்று வரிசை நிற்கும். அந்த நேரம் பார்த்து என் போனில் கைதவறிப் பட்டுவிட்டால் போதும், இவர் குரல் கடை முழுக்கக் கேட்கும். எந்தப் பாடகர் எந்த ஹோட்டல் ஜன்னல் வழியாக டிவியைத் தூக்கி வெளியே போட்டார் என்பதை பட்டா மாற்றத்துக்கு வந்த பெரியவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? சொந்தக்காரர்களில் பாதிப் பேர் குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டார்கள். மீதிப் பேர் எதையும் கேட்காமலே கும்பிடு பொம்மை போட்டுவிடுவார்கள். அந்தக் கும்பிட்டைப் பார்த்து, எல்லோரும் ரசித்துக் கேட்கிறார்கள் என்று இவர் பூரித்துப் போவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் கிறிஸ்தவர்கள். நாள், நட்சத்திரம், ராகு காலம் எதுவும் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்வோம். 'சொல்லிக்கொள்வோம்' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன். தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும்போது எங்கள் ஆட்களுடைய கண் நல்ல நேரத்தின் மேல் ஒரு நடை போய்விட்டுத்தான் வரும். அஷ்டமி என்று தெரிந்தால், அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை என்று வேறு ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப் போட்டுவிடுவோம். வெளிப்படையாகப் பார்ப்பது ஈஸ்டருக்கு முன்னால் வரும் லெந்து நாட்களை மட்டும்தான். அப்போது எங்கள் வீடுகளில் கல்யாணமோ நிச்சயமோ வைக்க மாட்டோம்.

மாப்பிள்ளையின் வரன் சர்ச் மூலமாக வந்தது. அதே சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் வேலை. பையனின் அப்பா பல வருடங்களுக்கு முன் வேலைக்குப் போகும் வழியில் ஹைவேயில் லாரி மோதி இறந்துவிட்டார். அம்மாதான் தனியாக நின்று வளர்த்தவர். அதிகம் பேச மாட்டார். அந்த வீட்டில் பேசுவது எல்லாம் பையனின் பெரியப்பா. ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கம் பக்கம் ரொம்ப நாள் வேலை பார்த்தவர் என்பதால் எல்லோரையும் 'நைனா' போட்டுத்தான் கூப்பிடுவார். என் மகள் திருநின்றவூரில் ஒரு லேபில் வேலை செய்கிறாள். எந்த வரன் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்பவள், இந்தப் பையனிடம் பேசிய பிறகு ஒன்றும் சொல்லாமல் எனக்குக் காய் நறுக்கிக் கொடுத்தாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இரண்டு பக்கமும் சரி என்றானதும் நாங்கள் செய்த முதல் வேலை, மாப்பிள்ளை வீட்டாரைக் குடும்ப குரூப்பில் சேர்த்தது. இந்தக் காலத்தில் அதுதானே பாதி நிச்சயதார்த்தம்! சேர்த்த கையோடு நான் இவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்: கல்யாணம் முடிகிறவரை ராக்கும் கிடையாது, ரோலும் கிடையாது. சரி என்றார். சொன்னபடி கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டும் இருந்தார். நிச்சயத்தன்று லீவு போட்டிருந்தவர், சமையல்காரர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று விடியற்காலையிலேயே மாடிக்குப் போனார். போன இடத்தில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசி அனுப்பியிருக்கிறார்.

பிறகு அதை நான் முழுதாகக் கேட்டேன். புதிய சம்பந்திகளுக்கு வணக்கம் என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்திருந்தார். இந்தத் தேதியில், எத்தனையோ வருடங்களுக்கு முன், ஒரு சின்ன விமானம் பனியில் விழுந்து மூன்று பாடகர்கள் இறந்து போனார்களாம். ஒருவனுக்கு வயது வெறும் பதினேழாம். காசு சுண்டிப் போட்டு ஜெயித்து அந்த சீட்டைப் பிடித்தானாம். இன்னொருவருக்குக் கல்யாணமாகி ஆறே மாதமாம், மனைவி முழுகாமல் இருந்தாளாம். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியாக, "ஆகவே வாழ்க்கை நிலையில்லாதது. இன்னிக்கு நம்ம ஊட்டு நிச்சயத்துக்கு எல்லாரும் வந்து வாழ்த்தணும்" என்று முடித்திருந்தார்.

இப்படி ஒரு அழைப்பை உலகத்தில் எந்தப் பெண்ணின் அப்பாவும் கொடுத்திருக்க மாட்டார்.

போனில் பெரியப்பா ரொம்பப் பணிவாகத்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்திம்மா. நாங்க நாளு கெழமைலாம் பாக்கறவங்க இல்ல. ஆனா இவ்ளோ தெரிஞ்ச பொறவு எப்பிடி வண்டி ஏறுறது? ஆறு மாசத்துல தாலி போன கதையாச்சே. எங்க ஊட்லயும் ஒருத்தி அப்பிடி நின்னவ. அவ மனசு இன்னா பாடுபடும்? இன்னிக்கு வாணாம். அப்பால பாத்துக்கலாம்" என்றார். அப்பால என்றால் எப்போது என்று கேட்டேன். சொல்லி அனுப்புகிறோம் என்று போனை வைத்துவிட்டார். லெந்து ஆரம்பிக்க அதிக நாள் இல்லை.

பிரியாணியை என்ன செய்வது? தெருவில் எல்லோருக்கும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர்கள் எல்லாம் சாப்பிட்டுக்கொண்டே காரணம் கேட்டார்கள். பனியில் விமானம் விழுந்துவிட்டது என்று சொன்னால் எவராவது நம்புவார்களா? மாப்பிள்ளை வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொன்னேன். மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், யாருக்கு என்ன உடம்பு என்று சர்ச் வாசலில் நாலு பேர் விசாரிக்கிறார்கள். எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "புதுசா வந்தவங்களுக்கு மரியாதைக்கு ஒரு வணக்கம் சொல்லாம எப்பிடி?" என்கிறார். அன்றைக்குப் பார்த்து ஒரு சாவுச் செய்திதான் கிடைத்ததா என்றால், "நான் இன்னா பொய்யா சொன்னேன்?" என்கிறார். இந்த மாதிரி ஒரு ஆளிடம் சண்டை போடவும் முடியாது. சுவரில் முட்டிக்கொண்டால் சுவராவது கொஞ்சம் உதிரும்.

என் மகள் அப்பாவிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. வழக்கம் போல ரயில் ஏறி வேலைக்குப் போனாள், வந்தாள். ஒருநாள் சாயங்காலம் பார்த்தால், அவள் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டதாக ஒரு வரி வந்திருந்தது. அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு இவர் போனைக் கவிழ்த்து வைத்தவர், ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. அவளும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்கிறார்களா இல்லையா என்று எனக்குக் கேட்கவும் தைரியம் இல்லை. இந்த இடமும் தட்டிப் போனால் இவள் இன்னொரு வரனுக்கு உட்கார மாட்டாள் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கடைசியில் நானே முடிவு பண்ணி, நேரில் போய்ப் பேசிவிடலாம் என்று இவரைக் கிளப்பினேன். அங்கே போய் வாயைத் திறந்தால் உங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று மிரட்டினேன். பைக்கை ஓட்டுவது அவர்தான், எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அந்த ஆத்திரத்தில் தோன்றவில்லை. பெரியபாளையம் வழியாக லாரிப் புழுதியைத் தின்றுகொண்டு போய்ச் சேர்ந்தோம்.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். புதிதாகக் கட்டி இன்னும் வெளியே பூசாத வீடு. மாப்பிள்ளை ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். பெரியப்பா எங்களை உட்கார வைத்து டீ கொடுக்கச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா டீயைக் கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டார். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் பெரியப்பா கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"கோவம்லாம் ஒண்ணியும் இல்லம்மா. புள்ளைங்க ரெண்டும் மனசு ஒத்துப் போச்சு. ஈஸ்டருக்கு அப்பால நிச்சயம், அதோட சேத்து கண்ணாலத் தேதியும் இன்னிக்கே பேசிடலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரை ஆணியோடு சேர்த்துக் கழற்றிக்கொண்டு வந்தார். மே மாதத்துக்குப் புரட்டினார். ஒரு தாளில் விரலை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், என் வீட்டுக்காரர் பக்கம் காலண்டரைத் திருப்பினார்.

"இது எப்பிடி நைனா? இந்தத் தேதில உங்க ஆளுங்களுக்கு ஏதாச்சும் ஆயிருக்குதா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் டீ புரையேறியது. நாள் நட்சத்திரம் பார்க்காத அந்த மனிதர் என் வீட்டுக்காரரையே பஞ்சாங்கம் ஆக்கிவிட்டார்! நாள் குறிக்க ஜோசியரிடம் போனால் சர்ச்சில் பேசுவார்கள். இவரைக் கேட்டால் எவர் என்ன சொல்ல முடியும்?

இவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லுங்கள் என்று கண்ணாலேயே சைகை காட்டினேன். "ஒரு கிடார்காரரு... மேடையில மைக்கைத் தொட்டாரு. ஷாக் அடிச்சி அங்கயே பூட்டாரு" என்றார். அதோடு விட்டாரா? ஃபிட்டர் புத்தி போகுமா? "எர்த்து சரியா குடுக்கல" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

பெரியப்பா உச்சுக்கொட்டிவிட்டுத் தாள்களைப் புரட்டினார். மாத நடுவில் ஒரு தேதி. அன்றைக்கு ஒரு பாடகர் வயிற்றில் கேன்சர் வந்து இறந்தாராம். மாதக் கடைசியில் ஒரு தேதி. அன்றைக்கு ஒரு சின்ன வயசுப் பாடகர் ஆற்றில் இறங்கி முழுகிப் போனாராம். நான் இவர் தொடையைக் கிள்ளினேன். அசையவில்லை. என்னால் பொறுக்க முடியாமல் வாய்விட்டே கேட்டுவிட்டேன்: "ஒண்ணும் நடக்காத ஒரே ஒரு தேதியைச் சொல்லித் தொலைங்களேன்!"

"அப்பிடி ஒரு தேதி இருந்தா நான் சொல்ல மாட்டேனா?" என்றார், பாவமாக.

பெரியப்பா காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். "எல்லா நாளும் சாவுதானா நைனா உங்க ஆளுங்களுக்கு?"

"சாவு மட்டும் இல்லண்ணே. நீங்க கெட்டது ஆச்சான்னுதான் கேட்டீங்க. நல்லது ஆச்சான்னு கேக்கவே இல்லியே."

எனக்கு அங்கேயே எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. இரண்டு ஆண்கள், ஒரு காலண்டர், என் மகளின் வாழ்க்கை. மே மாதம் முழுக்க யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள் செத்துக்கொண்டே போகிறார்கள். இதற்கு ஒரு முடிவே இல்லையா என்று நினைத்தேன்.

அப்போதுதான் சமையலறை வாசலிலிருந்து அந்த அம்மா பேசினார். "அண்ணா, ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு நீங்க அனுப்பிச்சத நான் ரெண்டு வாட்டி கேட்டேன். அந்தப் பொண்ணு முழுகாம இருந்துச்சின்னீங்களே. அது அப்பறம் இன்னா ஆச்சு?"

இவ்வளவு நாளில் நானோ பெரியப்பாவோ, எங்களில் யாருமே இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்த அம்மாவின் மனசு பாடுபடும் என்று நிச்சயத்தையே நிறுத்தினார்களே, அவரிடமாவது கேட்டார்களா என்றால் அதுவும் இல்லை என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது.

என் வீட்டுக்காரர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அந்தக் கொழந்த தங்கலம்மா" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆனா அவங்க அப்பிடியே நின்னுடல. அப்பறம் வேற கண்ணாலம் பண்ணிக்கினு, புள்ளைங்க பெத்து, ரொம்ப வயசு வரைக்கும் நல்லா இருந்தாங்க. அந்தப் பாடகரோட பாட்ட எங்க போட்டாலும் போயி பெருமையா உக்காந்து கேப்பாங்களாம்."

அந்த அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினார். பிறகு, "ஜூன் மாசத்துல ஒரு தேதி கேக்குறேன், சொல்றீங்களா?" என்று கேட்டு, தேதியைச் சொன்னார். அதை இங்கே நான் எழுதப் போவதில்லை. அது அவருடையது.

பெரியப்பாவின் கை காலண்டரில் அப்படியே நின்றுவிட்டது. "அது வாணாம்மா" என்றார். எங்களிடம் தாழ்ந்த குரலில், "எந்தம்பி போன தேதி" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அந்தத் தேதியில் ராக் உலகத்தில் என்ன நடந்தது என்று தெரியும். அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். கர்த்தாவே, இந்த மனிதருக்கு இன்றைக்கு ஒரு நாளாவது பொய் சொல்லத் தெரிய வேண்டுமே என்று மனதுக்குள் ஜெபமே பண்ணினேன்.

"இருக்கறத அப்பிடியே சொல்லவாம்மா?" என்று கேட்டார். சொல்லுங்கண்ணா என்றார் அந்த அம்மா.

"நாலு பசங்கம்மா. உங்க பாட்டு வாணாம், போங்கன்னு ஒரு கம்பெனி அவங்கள அனுப்பிச்சிருச்சி. அந்தத் தேதிலதான் இன்னொரு கம்பெனிக்குள்ள மொதமொதல்ல போயி வாசிச்சிக் காட்டுனாங்க. அதுக்கப்பறம் ஒலகத்துல அவங்க பாட்டக் கேக்காத ஊரே இல்ல." அங்கே நிறுத்தினார். அப்பாடா, இதோடு நிறுத்துங்கள் சாமி என்று நான் மூச்சு விட்டேன். இவரால் முடியவில்லை. "அதே தேதிலதாம்மா, ரொம்ப வருசம் கழிச்சி, அவங்க நாலு பேரோட சேந்து கீபோர்டு வாசிச்ச ஒருத்தரு செத்தும் போனாரு."

"ரெண்டும் அதே தேதிலயா?"

"அதே தேதிதாம்மா."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நான் எழுந்தேன். அழுகைதான், ஆனால் அதற்குள் சிரிப்பு மாதிரியும் ஒன்று இருந்தது. "வருசா வருசம் புதுக் காலண்டர் வந்தவொடனே அந்தத் தாளத்தான் மொதல்ல கிழிச்சிப் போடுவேன்" என்றார். "கரண்டு பில்லு கட்ட அதான் கடைசித் தேதின்னாகூட எம்புள்ள எங்கிட்ட அந்தத் தேதியச் சொல்ல மாட்டான். மின்னாடியே போயி கட்டிட்டு வந்துருவான். ஊர்ல எவளும் எங்காதுபட சொல்ல மாட்டா. அந்தத் தேதில வேற ஏதாச்சும் நடந்திருக்கும்னு எனக்குத் தோணவே இல்லண்ணா. அன்னிக்கு நடந்தது அது ஒண்ணுதான்னு இத்தினி வருசமா இருந்துட்டேன்."

பெரியப்பா என்னவோ சொல்ல வந்தார். அந்த அம்மா முந்திக்கொண்டார். "கண்ணாலத்த அன்னிக்கே வெச்சிக்கலாம் மாமா."

"ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும். எனக்கு அந்த நாளு வோணும்."

அவ்வளவு குறைவாகப் பேசும் ஒரு பெண் அப்படிச் சொன்ன பிறகு பெரியப்பா காலண்டரை மூடி வைத்தார். என் மகள் சம்மதிக்க வேண்டுமே என்று அங்கேயே போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அத்தை ஆசைப்பட்டா அன்னிக்கேம்மா" என்றாள். அத்தை என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

திரும்பும் வழியில் நான் இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. கவரைப்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் ஆரம்பித்தேன். அந்த நாலு பேர் கதையோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா, கீபோர்டுக்காரர் செத்ததை எதற்குச் சொன்னீர்கள், காரியம் கெட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிடிபிடி என்று பிடித்தேன். டீயை ஆற்றிக்கொண்டே, "பாதியச் சொல்லிட்டு மீதிய எப்பிடி உடறது?" என்றார். எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. நல்லதை மட்டும் சொல்லியிருந்தால், அந்த அம்மாவைப் பூப்போல நடத்திய ஊர் ஆட்களில் இவரும் ஒருவராகப் போயிருப்பார் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஈஸ்டருக்குப் பிறகு நிச்சயம் நடந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் இந்தத் தேதியில் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசித்தார்கள். கல்யாணத் தேதியைக் கேட்டதும் அவர்கள் ஊர் சர்ச்சில் சில பேர் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தார்களாம். அவர் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது.

போன ஜூனில் முதல் வருடம் வந்தது. எனக்கு மறுபடியும் தலைவலி. நினைவு நாளும் அதே நாள், பிள்ளைகளின் கல்யாண நாளும் அதே நாள். என்ன புடவை கட்டுவது, கேக் வாங்கிக்கொண்டு போவதா கூடாதா, போய் சிரிப்பதா வேண்டாமா? யாரைக் கேட்பது? இவரைக் கேட்டால் அந்த நாலு பேரைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். எதற்கும் இருக்கட்டும் என்று ஆறுதல் வார்த்தைகள் நாலைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன்.

காலையில் எல்லோருமாகக் கல்லறைக்குப் போனோம். ஜெபம் முடிந்து மற்றவர்கள் நகர்ந்த பிறகும் அந்த அம்மா அங்கேயே நின்றார். நான் ஆறுதல் சொல்லப் பக்கத்தில் போனேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. கல்லறையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டுக்கொண்டே, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதைப் போலப் பேசிக்கொண்டிருந்தார். "உம்மருமவ முழுகாம இருக்கா. மூணாவது மாசம். இன்னும் யாருக்கும் சொல்லல, ஒனக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

அந்தச் செய்தி எனக்கே அப்போதுதான் தெரியும். பெண்ணைப் பெற்றவளுக்கு முன்னால் இறந்துபோன சம்பந்திக்குச் சொல்லியாகிறது! கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன். நான் கொண்டுபோன ஆறுதல் வார்த்தைகளில் ஒன்றுகூட அங்கே தேவைப்படவில்லை.

இவருடைய காலை வணக்கம் இப்போதும் தவறாமல் வருகிறது, எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் ஒருவரால் தாங்க முடியாது என்று நாமாகவே தீர்மானித்து அவரைச் சுற்றி மௌனமாக நடப்பதற்கு முன்னால், அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பதை, எரிச்சல் வரும் ஒவ்வொரு காலையிலும் நான் நினைத்துக்கொள்கிறேன்.